ஆரணி நிரப்பாத நான்கு கட்டங்கள்

1

ஆரணி, யதுசன், இதை உங்கள் இரண்டு பேருக்காகத்தான் எழுதுகிறேன். யதுசன், நீ படம் இருக்கிறதா என்று புரட்டிப் பார்த்துவிட்டு வைத்துவிடுவாய் என்பது எனக்குத் தெரியும். பரவாயில்லை, அக்காவைக் கொண்டு வாசிப்பித்துக் கேள். ஆரணி, பிழை கண்டால் சிவப்புப் பேனையால் வட்டம் போட்டு வை. அப்பா பத்தாம் வகுப்போடு நின்றவன். எனக்கு எழுத்து ஓடாது, பேச்சுத்தான் ஓடும்.

ஊர் வாசிகசாலை ஆண்டு மலருக்கு வெளிநாட்டில் இருக்கிறவர்கள் ஏதாவது எழுத வேண்டும் என்று போன வருடமும் கேட்டார்கள். நான் எழுதவில்லை. எழுத என்ன இருக்கிறது என்று நினைத்தேன். கட்டாருக்கு வந்து இந்த மாதத்தோடு எட்டு வருடம். பெரிய கட்டடம் ஒன்றின் நிலக்கீழ்த் தளத்தில் குளிரூட்டும் இயந்திரங்களைப் பார்க்கிற வேலை. மேலே இருக்கிறவர்கள் குளிருக்குப் போர்த்துக்கொண்டு வேலை செய்வார்கள். கீழே நாங்கள் காதை அடைத்துக்கொண்டு இரைச்சலுக்குள் நிற்போம். இதை யார் வாசிக்கப்போகிறார்கள்?

ஆனால் ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும். இந்த நாட்டில் ஆறு இல்லை, குளம் இல்லை. கடலை உள்ளே இழுத்து, உப்பை எடுத்துவிட்டு, அதைத்தான் குடிக்கக் கொடுக்கிறார்கள். வந்த புதிதில் இதைக் கேள்விப்பட்டதும் குழாயைத் திறந்து கையில் ஏந்தி நாக்கில் வைத்துப் பார்த்தேன். துளி உப்பு இல்லை. கடலையே இப்படி மாற்றிவிட்டார்களே என்று கை ஈரம் காயும் வரை நின்றேன்.

உலகத்தில் அதைவிடப் பெரிய அதிசயம் நான் பார்க்கமாட்டேன் என்றுதான் இருந்தேன். பார்த்துவிட்டேன். அது பண்டத்தரிப்பில், எங்கள் கிணற்றடியில் நடந்தது.

2

போன முறை விடுமுறையில் வந்தபோது ஆரணிக்கு ஒரு போன் வாங்கி வந்தேன். வீட்டில் உங்கள் அம்மாவிடம் இருப்பது பொத்தான் அமத்துகிற பழைய போன். பதினைந்து வயதுப் பிள்ளையின் கையில் இப்படி ஒன்றைக் கொடுத்துவிட்டுக் கடல் தாண்டி வந்து எப்படி நித்திரை கொள்ளுவது? அறையில் கூட இருக்கும் மலையாளச் சகோதரன்தான் வழி சொன்னான். பெற்றோருக்கென்றே ஒரு செயலி இருக்கிறது, அவளுடைய போனில் ஒன்றும் உன்னுடையதில் ஒன்றும் போட்டால் எல்லாம் தெரியும் என்றான். அது ஆங்கிலத்தில் கேட்ட கேள்விக்கெல்லாம் 'ஓம்' என்று அமத்தினேன். எதற்கு ஓம் சொன்னேன் என்று இன்று வரைக்கும் தெரியாது. முதல் கிழமை அகராதியைத் திறக்கவும் அவள் என்னிடம் அனுமதி கேட்க வேண்டியிருந்தது.

ஆனால் அந்த நீலப் புள்ளி! வரைபடத்தில் ஒரு சின்ன நீலப் புள்ளி, அதுதான் ஆரணி. மதியச் சாப்பாட்டு நேரம் வாயிலில் போனை வாங்கித் திறந்து பார்ப்பேன். இயந்திர அறைக்குள் போன் கொண்டுபோக விடமாட்டார்கள், வாயிலில் ஒரு பெட்டியில் வைத்துப் பூட்டிவிடுவார்கள். பள்ளிக்கூடம் விட்டுப் புள்ளி றோட்டால் வரும். பிள்ளையார் கோயில் வளைவில் கொஞ்சம் நிற்கும். சைக்கிளால் இறங்கிக் கும்பிடுகிறாள் என்று எனக்கு விளங்கும். பாலைவனத்தில் சோற்றுப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, மகள் கும்பிடுவதைப் பார்க்கிற பாக்கியம் எந்தத் தகப்பனுக்கு முன்பு கிடைத்தது?

ஒரு நாள் புள்ளி போய்வந்த இடங்களைச் செயலியில் பின்னோக்கிப் பார்த்தேன். விடியற்காலை ஐந்தரைக்குத் தோட்டக் கிணற்றடியில் நின்றது. பொழுதுபடும் நேரம் மறுபடியும் அங்கே. அடுத்த நாளும் அப்படியே. கிழமைக் கடைசியில் செயலி ஓர் அறிக்கை அனுப்பும். அதில் கமராப் பாவனைதான் மேலே நின்றது.

அந்தத் திங்கட்கிழமை இரவு, வேலை முடிந்து அறைக்கு வந்தபோது, சிவலிங்கம் அண்ணையின் குரல் செய்தி வந்தது. மலர் வாசிக்கிறவர்களில் வெளியூர் ஆட்களும் இருப்பார்கள், அவர்களுக்காகச் சொல்லுகிறேன்: எங்கள் தோட்டக் கிணறு பங்குக் கிணறு. ஐந்து பங்குக்காரர். ஐந்து நாளைக்கு ஒரு முறை ஆளுக்கொரு நாள் இறைப்பு. ஒருவருடைய முறை நாளில் மற்றவர் மோட்டரைத் தொடமாட்டார். கிணற்றில் எதை மாற்றுவதென்றாலும் ஐந்து பேரும் ஓம் என்று சொல்ல வேண்டும். சிவலிங்கம் அண்ணை ஒரு பங்கு, செல்வராணியக்கா ஒரு பங்கு, நான் ஒரு பங்கு.

"தம்பி, நான் குறை சொல்லேல்லை," என்றது குரல். "உன்ரை மூத்தது விடியவும் பொழுதுபடவும் போனோடை கிணத்தடியிலை நிக்குது. காலம் கெட்டுக் கிடக்கு. பிறகு அண்ணை சொல்லேல்லை எண்டு சொல்லாதை. மற்றது, குழாய் விசயம். நான் பெரிய மோட்டர் ஒண்டு எடுத்திட்டன். கிணத்துக்கு அடியிலை துளைச்சுக் குழாய் இறக்கினால்தான் அதுக்குத் தண்ணி காணும். செல்வராணிதான் ஓமெண்டு சொல்லாமல் இழுக்கிறாள். நீ ஓமெண்டால் அவளும் ஓமெண்டுவாள்."

"ஓம் அண்ணை, ரெண்டுக்கும் ஓம்," என்று பதில் அனுப்பினேன்.

உடனேயே, கட்டிலில் இருந்தபடியே, ஆரணியின் போனைப் பூட்டினேன். ஒரு விரல்தான். கட்டாரில் அமத்தினேன், பண்டத்தரிப்பில் பூட்டு விழுந்தது.

3

பிறகு அம்மாவின் பழைய போனுக்கு எடுத்தேன்.

"பவானி, அவளைக் கிணத்தடிப் பக்கம் விடாதை."

"ஏனப்பா? அவள் தண்ணியெல்லே அளக்கிறாள்."

"தண்ணி அளக்கிறாளோ? கிணத்துத் தண்ணியை ஆராவது அளப்பினமே?"

"எனக்கும் வடிவா விளங்கேல்லை. பள்ளிக்கூடத்திலை ரீச்சர் ஒரு பேனை குடுத்து விட்டவ. அதைத் தண்ணிக்கை வைக்கிறாள், படம் எடுக்கிறாள்…"

"பேனையைத் தண்ணிக்கை வைக்கிறாள்! நீ எல்லாத்தையும் நம்பு."

"ஒருக்கா அவளோடை கதையுங்கோவன்."

"வெள்ளிக்கிழமை கதைப்பம். அதுமட்டும் விடாதை, நான் சொல்லுறன்."

பிள்ளைகளே, அந்த நேரம் நான் என்னைக் கெட்டிக்காரத் தகப்பன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இவ்வளவு தூரத்தில் இருந்தும் பிள்ளையைக் கைவிடவில்லை என்று நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை எனக்கு லீவு. ஆரணி பள்ளிக்கூடத்தால் வந்த நேரம் பூட்டைத் திறந்து வீடியோவில் எடுத்தேன். முகம் தெரியவில்லை. போனை மேசையில் மல்லாக்க வைத்துவிட்டாள். சுழலும் மின்விசிறியைத்தான் ஐந்து நிமிடம் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு யதுசனின் மூக்கு வந்தது.

"அப்பா, அக்கா உங்களோடை கோவம். இந்தப் போனைத் திரும்பப் பூட்டத்தானே போறியள், எனக்குத் தாங்கோவன்."

"பூட்டின போன் உனக்கென்னத்துக்கடா?"

"நீங்கள் திறந்து தாங்கோ."

அதற்குப் பிறகுதான் ஆரணி போனை எடுத்தாள். கண் சிவந்திருந்தது, குரல் சாதாரணமாக இருந்தது.

"நீங்கள் என்னட்டை ஒருக்காக் கேட்டிருக்கலாம்."

முற்றத்தில் செருப்பைப் போட்டாள்.

"வாங்கோ, காட்டுறன்," என்று சொல்லி என்னைக் கையில் பிடித்துக்கொண்டு தோட்டத்துக்கு நடந்தாள்.

4

அந்தக் கிணற்றில் நான் முப்பது வருடம் குளித்தவன். பாசி எந்தப் பக்கம், ஊற்று எந்தப் பக்கம் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவேன். ஆனால் அன்றைக்கு அவள் கையில் இருந்த கமராவுக்குள்ளால் பார்த்ததுபோல் நான் அதைப் பார்த்ததே இல்லை.

நைலோன் கயிறு ஒன்று வைத்திருந்தாள். அம்மாவின் பழைய சட்டையைக் கிழித்து ஒவ்வோர் அடிக்கும் ஒரு துணித் துண்டு கட்டியிருந்தாள். நுனியில் கல். அதை இறக்கி எத்தனையாவது துணி நனைகிறது என்று பார்ப்பாள். பிறகு வாளியில் அள்ளி, அந்தப் பேனையை வைப்பாள். அது எழுதுகிற பேனை இல்லை. உவரைக் கண்டுபிடிக்கிற கருவி, பேனை மாதிரி இருக்கிறது. தண்ணீரில் வைத்ததும் எண் ஒன்று மின்னும். உடனே படம் எடுப்பாள். படத்தில் நேரமும் பதியும். காலையில் ஒருமுறை, இறைத்து முடிந்த பிறகு ஒருமுறை. இரண்டையும் பார்த்தால்தான் ஒரு நாள் கணக்கு. ஐந்து பங்குக்காரருக்கும் ஆறு முறை வரவேண்டும் என்று முப்பது நாள் வைத்திருந்தாள். அதுதான் கமராப் பாவனை.

"அடியிலை உவர்த் தண்ணி இருக்கப்பா. நல்ல தண்ணி அதுக்கு மேலை மிதந்துகொண்டு நிக்குது."

"மிதக்குதோ?"

"ஓம். மழை பெய்து கீழை இறங்கின தண்ணிதான். எங்கடை ஊர் முழுக்க அதிலைதான் நிக்குது. கொஞ்சம் கொஞ்சமா இறைச்சா ஒண்டும் செய்யாது, ஒரு இரவிலை ஊறிப்போடும். கனநேரம் இழுத்தா, அடியிலை கிடக்கிறது மேலை எழும்பும். குழாய் இறக்கினா இன்னும் கெதியா எழும்பும் எண்டு நினைக்கிறன்."

நான் இருக்கிற நாட்டில் பெரிய பெரிய ஆலை கட்டிக் கடலில் இருந்து உப்பைப் பிரிக்கிறார்கள். எங்கள் காலுக்குக் கீழே, ஒரு சத்தமும் இல்லாமல், மழைத் தண்ணீர் உவருக்கு மேலே மெல்லிசாகப் படுத்துக் கிடக்கிறது. எத்தனை தலைமுறை அதைக் குடித்தோம். எனக்கு யாரும் சொல்லவில்லை. என் மகள் சொன்னாள்.

அப்பியாசக் கொப்பியில் போட்ட அட்டவணையைப் போனுக்கு முன்னால் பிடித்துக் காட்டினாள். முப்பது கட்டம், கடைசிக் கட்டம் அடுத்த நாள் சனிக்கிழமைக்கு. அதற்கு முன்னால் நாலு வெறுமையாகக் கிடந்தது. செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி.

"நீங்கள் விடாத நாள்," என்றாள். குத்திச் சொல்லவில்லை, அறிவித்தலாகச் சொன்னாள். "புதன்தான் சிவலிங்கம் பெரியப்பா புது மோட்டரை முதன்முதல் போட்டவர். நாலு மணித்தியாலம் ஓடினதாம். அடுத்த நாள் தண்ணியை வாயிலை வைக்கேலாமல் கிடந்ததெண்டு செல்வராணி மாமி சொன்னவ."

ஞாயிற்றுக்கிழமை பங்குக்காரரின் கூட்டம் நடக்க இருந்தது. செவ்வாய்க்கிழமை துளைக்கிற ஆட்கள் வர இருந்தார்கள். முக்கியமான நாளே கணக்கில் இல்லை. இல்லாமல் செய்தது நான்.

"அப்ப அந்தப் புதனுக்கு ஒரு எண்ணைப் போடு பிள்ளை. மற்ற நாளுகளைவிடக் கொஞ்சம் கூட்டிப் போடு."

"நான் பாக்கேல்லையே அப்பா."

"பாத்திருந்தாலும் அப்பிடித்தானே வந்திருக்கும்?"

"வந்திருக்கும் எண்டுதான் நினைக்கிறன். ஆனா பாக்கேல்லை."

"ஆருக்குத் தெரியப்போகுது?"

அவள் கயிற்றைச் சுற்றிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்கவே இல்லை. "அப்ப மற்ற இருபத்தாறையும் ஆர் நம்புறது?" என்றாள்.

பிள்ளை போனில் பொய் சொல்லப் பழகிவிடுவாள் என்று பயந்து பூட்டுப் போட்ட தகப்பன் நான். அந்தக் கிணற்றடியில் பொய் எழுதச் சொன்ன ஒரே ஆளும் நான்தான்.

5

ஞாயிறு ஊரில் நாலரை மணி என்றால் இங்கே இரண்டு மணி, வேலை நேரம். ஒரு மணித்தியாலம் வெளியே போக வேண்டுமென்றால் படிவம் நிரப்ப வேண்டும். காரணம் என்ற இடத்தில் ஊர்க் கிணறு பற்றிக் கூட்டம் என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் எழுதினேன். மேற்பார்வையாளர் இரண்டு தரம் வாசித்துவிட்டு, "யாராவது உள்ளே விழுந்துவிட்டார்களா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "அப்படியென்றால் எதற்குக் கூட்டம்?" என்றார். மகள் பேசப்போகிறாள் என்றேன். உடனே கையெழுத்துப் போட்டார். அவருக்கும் ஊரில் மகள் இருக்கிறாள்.

வாயிலுக்கு வெளியே படிக்கட்டில் இருந்துகொண்டு போனைத் திறந்தேன். அம்மா அங்கே ஆரணியின் போனைப் பிடித்திருந்தாள். மோட்டர்க் கொட்டில் சுவரில் ஆரணி பிறிஸ்ரல் போட் என்கிற பெரிய மட்டை ஒன்றைத் தொங்கவிட்டிருந்தாள். முப்பது நாளும் கோடாகக் கீறியிருந்தது. யதுசன்தான் நிறம் தீட்டியது என்று பிறகு அறிந்தேன். கோட்டுக்கு வெளியே போன இடமெல்லாம் அவனுடையது.

"உதென்ன, கலியாண வீட்டுக் கோலம் மாதிரி?" என்றார் சிவலிங்கம் அண்ணை. எல்லோரும் சிரித்தார்கள். ஆரணியும் சிரித்தாள். பிறகு தொடங்கினாள். எந்த நாள் யாருடைய முறை, எத்தனை மணித்தியாலம் ஓடியது, எத்தனை துணி இறங்கியது, எண் எவ்வளவு ஏறியது, காலையில் எவ்வளவு திரும்பியது. ஒரு மணித்தியால இறைப்புக்குக் கோடு அசையவில்லை. இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் போன நாளெல்லாம் மேலே எழும்பி, இறங்க இரண்டு நாள் எடுத்திருந்தது. வேட்டியை மடித்துக் கட்டிய ஆட்கள், தங்கள் தங்கள் முறை நாளைத் தேடி மட்டைக்குக் கிட்ட வந்தார்கள். அறுபது வயது மனிதர் ஒருவர் தன்னுடைய ஒரு நாளை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"அதுசரி, கடைசிப் பக்கம் உதென்ன பல்லு விழுந்த மாதிரி?" என்று கேட்டார் சிவலிங்கம் அண்ணை.

"அது நான் வராத நாலு நாள் பெரியப்பா. அப்பா போனைப் பூட்டிப்போட்டார். கிணத்தடிக்கும் விடேல்லை."

எல்லாத் தலையும் அம்மாவின் கையில் இருந்த என்னைத் திரும்பிப் பார்த்தது.

"கட்டாரிலை இருந்தே பூட்டினனி?" என்றார் செல்வராணியக்கா. அவவும் ஒரு பங்கு, தனி ஆளாக வெங்காயம் செய்கிறவர். "உனக்குக் கை நல்ல நீளமடா தம்பி."

சிரிப்பு அடங்கிய பிறகு சிவலிங்கம் அண்ணை சொன்னார்: "உந்த நாலுக்குள்ளை என்ரை முறையும் இருக்கு. புது மோட்டர் போட்ட நாள். அப்ப என்ரை மோட்டராலை உவர் வந்ததெண்டு ஆர் சொல்லுறது?"

"நான் சொல்லேல்லை பெரியப்பா. அந்த நாளைப்பற்றி எனக்குத் தெரியாது."

"எனக்குத் தெரியுமடி!" என்று செல்வராணியக்கா முன்னுக்கு வந்தார். "என்ரை நாக்குக்குத் தெரியும். அதை எழுது."

"நாக்கை எழுதேலாது மாமி."

சிவலிங்கம் அண்ணை போனுக்குக் கிட்ட வந்தார். திரை முழுவதும் அவருடைய முகம். "தம்பி, நீ ஓமெண்டு சொன்னனி. செவ்வாய்க்கிழமை ஆக்கள் வருகினம். இப்ப என்ன சொல்லுறாய்?"

எட்டு வருடம் வெளியில் இருக்கிற எனக்கு ஊரில் மிஞ்சியிருப்பது என் சொல் ஒன்றுதான். அதை நான் இதுவரை திருப்பி எடுத்ததில்லை.

"அண்ணை, அந்த ஓமை நான் திருப்பி எடுக்கிறன். பிள்ளை பாக்காமல் விட்ட நாளைப் பாக்கட்டும். அது என்ரை பிழை."

"பெட்டை கீறின கோட்டுக்காகவோ?"

"கீறாமல் விட்டதுக்காக அண்ணை."

அவர் திரும்பி மட்டையடிக்குப் போனார். வெறுமையாகக் கிடந்த புதன்கிழமையில் விரலை வைத்தார்.

"உதுக்கை நீ ஒரு எண்ணைப் போட்டிருந்தா," என்று ஆரணியைப் பார்த்துச் சொன்னார், "இந்த மட்டையைக் கிழிச்சு உந்தக் கிணத்துக்கையே எறிஞ்சிருப்பன்." பிறகு, "நாளைக்கு என்ரை முறை. பள்ளிக்கூடம் விட்டு வா. நாலு மணித்தியாலம் ஓடவிடுறன். பேனையை என்ரை கையிலை தரவேணும். நான்தான் பாப்பன்."

"தருவன் பெரியப்பா. மூடியைக் கழட்டிப்போட்டு வையுங்கோ."

திங்கட்கிழமை அவரே வைத்துப் பார்த்தார். அந்த மாதம் முழுவதிலும் வராத எண் வந்தது. அன்றிரவே துளைக்கிற ஆட்களை வரவேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார். எண் மூன்று நாளாக இறங்கவில்லை. புது மோட்டர் இப்போது ஒரு மணித்தியாலம் ஓடி, நின்று, பிறகு ஓடுகிறது.

6

அந்தப் பூட்டு என்ன ஆனது என்று மலர் வாசிக்கிற பெற்றோர் கேட்பீர்கள். நான் அதை முழுவதும் எடுக்கவில்லை. ஆரணியும் எடுக்கச் சொல்லவில்லை. இரவு ஒன்பதுக்குப் பிறகு பூட்டு இருக்கும், அதற்கு அவளும் ஓம். மற்ற நேரம் பூட்ட வேண்டுமென்றால் முதலில் அவளிடம் கேட்க வேண்டும், அதற்கு நான் ஓம். நீலப் புள்ளியை வைத்திருக்கட்டுமா என்று கேட்டேன். "உங்களுக்குப் பாக்க ஆசையெண்டா வையுங்கோ," என்றாள். வைத்திருக்கிறேன். யதுசன், உனக்குப் போன் இன்னும் இல்லை.

இன்னொன்றும் எழுத வேண்டும். மலருக்குத் தேவையில்லை, உங்கள் இரண்டு பேருக்கும் தேவை.

என்னுடைய வேலையில் ஒரு தாள் இருக்கிறது. மணிக்கு ஒருமுறை ஒவ்வொரு இயந்திரத்தடிக்கும் போய், தண்ணீரின் சூடும் அமுக்கமும் பார்த்து எழுத வேண்டும். எட்டு வருடமாக எழுதுகிறேன். எத்தனையோ நாள் நாற்காலியில் இருந்தபடியே, முதல் மணிக்கு எழுதியதைக் கொஞ்சம் மாற்றி அடுத்த இரண்டு மணிக்கும் எழுதியிருக்கிறேன். ஒருவருக்கும் தெரியாது. இயந்திரமும் ஒருநாளும் பழுதாகவில்லை.

அந்த ஞாயிறு கூட்டம் முடிய, போனை வாயிலில் கொடுத்துவிட்டுக் கீழே இறங்கினேன். அறையில் ஒருவரும் இல்லை. தாள் மேசையில் கிடந்தது. இரண்டு மணிக்குரிய வரி வெறுமையாக இருந்தது. பேனையை எடுத்தேன். கை தன் பாட்டில் ஒரு மணி வரியைப் பார்த்துக்கொண்டு அதற்குக் கீழே போனது. நிறுத்தினேன். அந்த வரி முழுவதற்கும் ஒரு கோடு கீறி, இந்த நேரம் நான் பார்க்கவில்லை என்று எழுதி, பக்கத்தில் என் பெயரைப் போட்டேன். பிறகு எழுந்து, மூன்று மணிக்குரியதைப் பார்க்க முதலாவது இயந்திரத்தடிக்கு நடந்தேன்.